துணிக்கு அடியில் ஒரு தையல்

ஜிபாரின் இடுப்பு நேற்றிலிருந்தே கழன்று விழுகிற மாதிரி இருந்தது. ஆற்றிலிருந்து சுமந்த தண்ணீர், பிசைந்த இரண்டு மூட்டை மாவு, வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து ஊற்றிய தேநீர், எல்லாம் சேர்ந்து முதுகுத்தண்டின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டன. இப்போது முழங்கால் போட்டு இன்னும் குனிய வேண்டியிருந்தது. எதிரே பலகையில் அவள் மாமியார் சூராகான் கிடந்தாள். தொப்புளிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணி மூடியிருந்தது.

"தண்ணியை வலப்பக்கத்திலிருந்து விடு. மெதுவா. பொணம்னு நெனைச்சு ஊத்தாதே" என்றாள் தாட்டிகான்.

தண்ணீர் ஊற்றியவள் சூராகானின் தங்கை. தாட்டிகான் தலைமாட்டில் இருந்தாள். இருபது வருடமாக இந்த ஊரில் செத்த பெண்களையெல்லாம் குளிப்பாட்டி அனுப்புகிறவள் அவள். முற்றத்தில் எழுப்பிய கம்பளிக் கூடாரத்துக்குள் அந்த மூன்று பேர்தான். வெளியே, தடியை ஊன்றி வளைந்து நின்றபடி, சூராகானின் இரண்டு மகன்களும் வருகிறவர்களைப் பார்த்து ஓலமிட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் கட்டிப்போய் இரண்டு பேரும் கன்றுக்குட்டி மாதிரி கத்தினார்கள்.

ஜிபார் காலையில் தைத்த பருத்தி உறையைக் கையில் மாட்டிக்கொண்டு துணிக்கு அடியில் கையை விட்டாள். கண்ணால் பார்க்கக் கூடாத இடத்தைக் கைதான் பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே விரல் ஒரு மேட்டில் இடறியது. தோல் மடிப்பு என்று நினைத்தாள். விரலை நகர்த்தினாள். மேடு நேராகக் கீழே போயிற்று. மாவு மூட்டையின் வாயைத் தைத்த மாதிரி, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முடிச்சுகள்.

கை நின்றுவிட்டது.

"என்ன?" என்றாள் தாட்டிகான்.

ஜிபார் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தாட்டிகான் எழுந்து வந்து, அவளை நகர்த்திவிட்டு, தன் கையைத் துணிக்குள் விட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கை வெளியே வர நேரம் பிடித்தது. தண்ணீர் ஊற்றுகிறவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தரையில் விரித்த வைக்கோல் நனைந்து ஜிபாரின் முழங்கால் வரை ஈரம் ஏறியது.

"போதும் தண்ணி" என்றாள் தாட்டிகான். பிறகு ஜிபாரிடம், தங்கைக்குக் கேட்காதபடி, "நாக்கை உள்ளே வை, மருமகளே. இங்க கண்டது இவளோட குழிக்குள்ள போகணும்" என்றாள்.

ஜிபாருக்கு நாக்கை உள்ளே வைப்பதைவிடக் கடினமான காரியம் உலகத்தில் இல்லை. "இவளுக்கு ஒட்டகக் கழுத்து. எந்த வேலிக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும்" என்று சூராகானே ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். பதினான்கு வருடம் ஒரே வீட்டில் மாவு பிசைந்தும், ஒட்டகக் கழுத்துக்கு இது ஒன்று மட்டும் எட்டவில்லை.

சூராகான் ஊர்க் குளியல்கூடத்துக்குக் கடைசி ஆளாக, தனியாகத்தான் போவாள். அவளுக்குத் திமிர் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஜிபாரும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

*

கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் சூராகான் ஈத்துக் குழுவின் தலைவி. மார்ச் மாதத்தில் எண்ணூறு ஆடுகள் ஒரே நேரத்தில் குட்டி போடும். பனியில் படுத்து, முழங்கை வரை ஆட்டுக்குள் கையை விட்டு, தலை மாறிய குட்டியைத் திருப்பி இழுப்பாள். அவள் குழுவில்தான் தாட்டிகானும் இருந்தாள். பண்ணை கலைந்த பிறகு ஊர்ப் பெண்கள் தங்கள் வயிற்றையும் அவளிடமே கொண்டுவந்தார்கள். வயிற்றில் எண்ணெய் தடவி, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருப்பதைத் தள்ளித் தள்ளி நேராக்குவாள். பல தடவை நேராகியும் இருக்கிறது. ஜிபாரின் மூன்று பிள்ளைகளும் அந்தக் கையில்தான் வந்து விழுந்தன.

ஆஸ்பத்திரியில் கீற வேண்டும் என்று சொல்லிவிட்டால் சூராகானிடம் ஒரே பேச்சுதான். "ஆட்டு வயித்தை எப்போ கீறுவோம்? ஆடு போச்சுன்னு முடிவு பண்ணின பிறகு. குட்டியை மட்டும் எடுத்துக்க. டாக்டருங்களும் அதைத்தான் பண்ணுறாங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் பண்ணுறாங்க, அவ்வளவுதான்."

அந்தக் கணக்கு இந்த ஊரில் எல்லோருக்கும் புரிந்தது. ஆடு மேய்க்காத குடும்பம் இங்கே கிடையாது.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் தாட்டிகானின் மகள் எல்னுராவுக்கும் அதே பேச்சுதான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட மறுத்து, வண்டி பிடித்துத் திரும்பி வந்தாள். ஒன்றரை நாள் வலி. கடைசியில் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில், கணவாயைத் தாண்டும்போது வண்டியிலேயே முடிந்துவிட்டது, இரண்டு உயிரும். அதற்குப் பிறகும் தாட்டிகான் சூராகான் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போனாள். விதி என்றார்கள். தாட்டிகானும் விதி என்றுதான் சொன்னாள்.

இப்போது பெர்மெட். ஜிபாரின் ஓரகத்தி, சூராகானின் சின்ன மகன் ஆசில்பெக்கின் மனைவி, இருபத்து மூன்று வயது, முதல் பிள்ளை. பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியின் சின்ன டாக்டரம்மா ஊருக்கு வந்தபோது பார்த்து, கீறுவதற்குத் தாளில் தேதி எழுதிக் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை. சூராகான் இரண்டு வாரமாகத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை திரும்புவதும், ராத்திரியில் மறுபடி குறுக்கே போய்ப் படுப்பதுமாக இருந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டில், எலும்பைக் கடித்துக்கொண்டே சூராகான் மகனிடம் சொன்னாள்: "இவளைக் கீற விடாதே, ஆசில். இதை என் கடைசி வார்த்தைன்னு வச்சுக்க." கோபத்தில் சொன்ன பேச்சு. இப்படி வாரத்துக்கு நான்கு கடைசி வார்த்தை சொல்லுவாள். போன வாரம் வேலிக்கு நீல வண்ணம் அடிக்கக் கூடாது என்பது கடைசி வார்த்தையாக இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் பசுவின் பக்கத்தில், வாளியோடு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமைப் பேச்சு அப்படியே இறுகி மரண வாக்காகிவிட்டது. தாயின் மரண வாக்கை மீறினவன் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

இன்றைக்கு வியாழக்கிழமை.

வயிற்றுப் பிள்ளைக்காரி பிணம் இருக்கும் வீட்டில் இருக்கக் கூடாது என்று பெர்மெட்டைப் பக்கத்தில் தாட்டிகான் வீட்டில் வைத்திருந்தார்கள். அங்கே தனியாக உட்கார்ந்து ஓலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பலகாரத்துக்கு மாவைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போட்டுக்கொண்டே ஜிபார் சூராகானின் தங்கையிடம் மெல்லப் பேச்சைக் கொடுத்தாள்.

"சின்னத்தை, அத்தை சின்ன வயசுல ஆஸ்பத்திரியில எதுக்காவது படுத்திருக்காங்களா?"

"அக்காவா? ஊசியைக் கண்டா ஓடுறவ. ரெண்டு பிள்ளையும் சும்மா வழுக்கிக்கிட்டு வந்துச்சுன்னு சொல்லுவா." தங்கை மூக்கைச் சிந்தினாள். "எனக்கு ஒன்பது. அவளுக்கு ரெண்டோட நின்னு போச்சு. கடவுள் கணக்கு."

ஆக, கூடப் பிறந்தவளுக்கே தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய மாமனார் செத்து ஏழு வருடம். இரண்டோடு நின்றது ஏன்? கீறி எடுத்தது யாரை, பெரியவனையா சின்னவனையா? ஜிபார் மாவு வெட்டுவதை மறந்து சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருகுது பாரு, ஒட்டகம்!" என்றாள் தங்கை.

அப்போதுதான் பச்சை நிற ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இஸ்காகோவ் டாக்டர் இறங்கினார். மாவட்ட ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் கத்தி பிடித்தவர். இப்போது எண்பதைத் தொடுகிறார். மற்ற ஆண்கள் வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே ஓலத்தை ஆரம்பித்துவிடுவார்கள். அவர் ஆரம்பிக்கவில்லை. மகன்களைத் தழுவினார், கூடாரத்தைப் பார்த்தார், கொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ஜிபார் கைகழுவும் கெண்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டரய்யா, கையை நீட்டுங்க."

நீட்டினார். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. ஜிபார் தண்ணீர் விட்டாள்.

"காலையில நான்தான் அத்தையைக் குளிப்பாட்டினேன்."

டாக்டர் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ம்."

"தொப்புளுக்குக் கீழே நேரா."

"குளிப்பாட்டினவ பேசக் கூடாது. டாக்டரும் பேசக் கூடாது" என்றார். "நீ பேசிட்ட."

"நீங்களும் இப்போ பேசிட்டீங்க."

கிழவர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். துண்டை வாங்கி விரல் விரலாகத் துடைத்தார்.

"ரெண்டு பிள்ளையும் நான் எடுத்ததுதான். ரெண்டும் கீறித்தான். உன் புருசன் பொறந்தப்போ நாலு நாள் வலியோட குதிரை வண்டியில வந்தா. இடுப்பெலும்பு குறுகல், ஆம்பளைப் பையனுக்கு இருக்கிற மாதிரி. கீறினேன். அப்போல்லாம் ஒருத்தியைக் கீறினா மேலிடத்துக்கு ரெண்டு பக்கம் பதில் எழுதணும். ஏன் கீறின, ஏன் பொறுக்கல, உனக்கு வேலை தெரியாதா. அதனால முடிஞ்ச வரைக்கும் கீற மாட்டோம். கீறின அன்னிக்குத் தூங்க மாட்டோம்."

"அத்தை?"

"இருபதாம் நாள் ஈத்து வேலைக்குப் போயிட்டா. தையல் விட்டுப் போச்சு. திரும்பி வந்தா. ஏன் போனேன்னு கேட்டேன். கீறுபட்ட ஆட்டை மந்தையில வச்சுக்க மாட்டாங்க டாக்டர்னா."

ஜிபார் கெண்டியைக் கீழே வைக்க மறந்து பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ரெண்டாவது இவன், ஆசில். திறந்து பார்த்தா கருப்பை காகிதம் மாதிரி இருக்கு. பின்னால வெளிச்சம் வச்சா தெரியும், அவ்வளவு மெல்லிசு. இன்னொண்ணு தங்கினா வெடிச்சுச் செத்துடுவா. கட்டிட்டேன்."

"என்னத்தை?"

"குழாயை. இனிமே பிள்ளை வராதபடிக்கு."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"மயக்கத்துல இருந்தா."

"முழிச்ச பிறகு சொன்னீங்களா?"

இஸ்காகோவ் துண்டை மடித்தார். சரியாக வரவில்லை. மறுபடி மடித்தார்.

"ரெண்டு வருசம் கழிச்சு வந்தா. ஏன் பிள்ளை நிக்கலைன்னு கேட்டா. புருசன் வேற பொண்ணு பார்க்கிறதா ஊர்ல பேச்சாம். சொன்னேன். கத்தல, அழல. என் கையைத்தான் பார்த்தா, ரொம்ப நேரம். அன்னிக்குப் போனவ ஆஸ்பத்திரிப் பக்கம் வரல. அவ மட்டுமா? உங்க ஊர்லேர்ந்து பாதிப் பொம்பளைங்களை வர விடல." அவர் தொண்டையைச் செருமினார். "கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பா. வேண்டாம்னிருந்தா செத்திருப்பா."

"அது உங்க கணக்கு, டாக்டரய்யா."

"என் கணக்குதான். வேற யார் கணக்கு?"

கொட்டிலில் பால் கறக்காத பசு கத்தியது. இரண்டு நாளாக அதை யாரும் சரியாகக் கறக்கவில்லை.

*

ஜிபார் நேராகத் தாட்டிகானைத் தேடிப் போனாள். அவள் கூடாரத்துக்குப் பின்னால், குளிப்பாட்டிய கையுறைகளைத் தீயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜிபார் கேட்டதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். தாட்டிகான் குச்சியால் நெருப்பைக் கிளறினாள்.

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை கீறி, அறுபத்தோரு வயசு வரைக்கும் இருந்தா. மூட்டை தூக்கினா. என்னோட சண்டை போட்டா." குச்சி நுனியில் தீ பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கீறினா ஆடு போயிடும்னு என் வீட்டுத் தரையில உக்காந்துக்கிட்டு சொன்னா. என் பொண்ணோட வயித்துல கையை வச்சுக்கிட்டு."

ஜிபாருக்கு அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

"பெரியம்மா, இன்னிக்கு வியாழக்கிழமை."

"தெரியும். உன் கொழுந்தன் எங்கே?"

ஆசில்பெக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஓலத்தை நிறுத்தி உட்கார்ந்திருந்தான். தலையில் இருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பி மாதிரி முகமும் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அடையாளத்துக்குக் காட்ட வேண்டிய பெர்மெட்டின் பாஸ்போர்ட் அவனுடைய மேல்சட்டையின் உள்பையில் இருந்தது. திங்கட்கிழமை ராத்திரியே வாங்கி வைத்துக்கொண்டான்.

"ஆசில், டாக்டர் வண்டி இருக்கு. பொண்ணை அனுப்பு" என்றாள் ஜிபார்.

"அண்ணி, அம்மா சொன்னதை நீங்களும் கேட்டீங்க. எலும்பைக் கையில வச்சுக்கிட்டு என் கண்ணைப் பார்த்துச் சொன்னாங்க."

"போன வாரம் வேலிக்கு வண்ணம் அடிக்காதேன்னும் சொன்னாங்க."

"வேலிக்கு நான் வண்ணம் அடிக்கல!" அவன் தடியால் தரையைத் தட்டினான். "இன்னும் மண்ணுக்குள்ள போகல. அதுக்குள்ள மீறச் சொல்றீங்களா? ஊர் என்ன பேசும்? அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

தாட்டிகான் அவன் முன்னால் உட்கார்ந்தாள். மூட்டு இரண்டும் சத்தம் போட்டன.

"நான் இருபது வருசமா குளிப்பாட்டுறேன், தம்பி. கூன், சூடு, புருசன் அடிச்ச தடம், எல்லாம் இந்தக் கைக்குத் தெரியும். ஒண்ணு வெளிய வந்திருக்கா?"

"இல்ல, பெரியம்மா."

"இன்னிக்கு ஒண்ணு வருது. உங்க அம்மா வயித்துல ஒரு கீறல் இருக்கு. தொப்புள்லேர்ந்து கீழ வரைக்கும். நீ அது வழியாத்தான் வெளிய வந்த. உங்க அண்ணனும் அது வழியாத்தான். நம்பலைன்னா இஸ்காகோவ் அங்க நிக்கிறான், போய்க் கேளு. அவன்தான் கீறினவன்."

ஆசில்பெக் தாட்டிகானைப் பார்த்தான், ஜிபாரைப் பார்த்தான். கேட்கப் போகவில்லை. அவன் கை தன்னை அறியாமல் தன் தலையைத் தொட்டது.

"அப்போ ஏன் அம்மா..."

"அதை அவகிட்டத்தான் கேக்கணும். என்கிட்டக் கேக்காதே." தாட்டிகான் கையை நீட்டினாள். "கொடு."

அவன் உள்பைக்குள் கையை விட்டான். பாஸ்போர்ட்டை எடுத்தான். தாட்டிகானின் கையில் வைக்கும்போது இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு விட்டான். தடியை ஊன்றி எழுந்து, அண்ணன் பக்கத்தில் போய் நின்று மறுபடி ஓலமிட ஆரம்பித்தான். இந்தத் தடவை வார்த்தை இல்லாமல் வெறும் சத்தமாக வந்தது.

*

பெர்மெட் தாட்டிகான் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பை தயாராக இருந்தது. பச்சைப் பிள்ளைக்கான துணி, இரண்டு நைட்டி, ஒரு கோப்பை, கரண்டி. எப்போது கட்டினாள் என்று ஜிபாருக்குத் தெரியவில்லை.

ஜிபார் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை. பெர்மெட் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல அக்கா, அத்தையைப் பார்த்துத்தான் பேசினாங்க. அத்தை என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னாங்க. இப்போ நீங்களும் பெரியம்மாவும் அவர்கிட்டப் போய்ப் பேசியிருக்கீங்க." அவள் வயிற்றின் ஒரு பக்கத்தில் புடைத்த மேட்டை உள்ளங்கையால் அழுத்தினாள். "என்கிட்ட யாராவது கேப்பீங்கன்னு மூணு நாளா உக்காந்திருக்கேன்."

ஜிபாருக்கு முகம் சுட்டது. எந்த வேலியையும் எட்டிப் பார்க்கிற கழுத்து, இந்த ஜன்னலுக்கு வரவில்லை.

"நீ என்ன சொல்ற?"

"நான் பையைக் கட்டிட்டேனே." பெர்மெட் எழுந்தாள். "அந்தத் தாத்தாவா கொண்டு போறார்?"

"ஆமா."

"அவரை உள்ள கூப்பிடுங்க. ஒரு பேனாவும் வேணும்."

இஸ்காகோவ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். பெர்மெட்டுக்கு அவர் பேத்தி வயதுதான் இருக்கும். ஆனால் சந்தையில் ஆடு வாங்குகிறவள் மாதிரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாத்தா, ஆஸ்பத்திரிக்காரங்க பாஷையில எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். கீறலாம். பிள்ளையை எடுக்கலாம். வேற எதையும் என்னைக் கேக்காம வெட்டக் கூடாது, கட்டக் கூடாது. நான் முழிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்."

"சில சமயம் காத்திருக்க முடியாதும்மா. ரத்தம் நிக்கலைன்னா..."

"அப்போ அதையும் எழுதுங்க. ரத்தம் நிக்கலைன்னா மட்டும்னு."

கிழவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுத வெகுநேரம் பிடித்தது. ஒரு தடவை நிறுத்தி, ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தினார். பெர்மெட் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, கையெழுத்துப் போட்டு, தாட்டிகான் வாங்கித் தந்த பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

வண்டி புறப்படும்போது இஸ்காகோவ் ஜன்னல் கண்ணாடியை இறக்கி ஜிபாரிடம், "தொழுகைக்கு நான் இருக்க முடியாது. சொல்லிடு" என்றார்.

"யார்கிட்டச் சொல்ல?"

அவர் கூடாரத்தின் பக்கம் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார்.

*

மதியம் சூராகானை வெளியே கொண்டுவந்து பாடையில் கிடத்தினார்கள். மேலே நல்ல கம்பளம் போர்த்தியிருந்தது. ஆண்கள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. சமையல் கொட்டகை வாசலில் கும்பலாக நின்று எட்டிப் பார்த்தார்கள். ஜிபார் முன்னால் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் தாட்டிகான், முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டு, பாத்திரம் கழுவின ஈரத்தோடு.

முல்லா வழக்கப்படி கேட்டார்: "இந்தப் பெண்மணி எப்படிப்பட்டவர்?"

"நல்லவர். நல்லவர்" என்றது வரிசை.

தலாய் ஒரு அடி முன்னால் வந்தான். ஜிபாரின் கணவன், சூராகானின் மூத்தவன். தொண்டையில் குரல் மிச்சம் இல்லை. "எங்க அம்மா யார்கிட்டயாவது எதையாவது வாங்கித் திருப்பிக் கொடுக்காமப் போயிருந்தா, இப்பவே சொல்லுங்க. அவங்க கடன் இனிமே என் கடன். நான் கொடுக்கிறேன்."

முல்லா இரண்டாவது தடவை கேட்கச் சொன்னார். தலாய் கேட்டான். பின்வரிசையில் ஒருவர் இருமினார். வேலிக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த குதிரைகள் வாலால் ஈயை விரட்டின.

ஜிபார் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

தாட்டிகான் பாடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் ஈரம் இல்லை. வாயைத் திறந்தபோது, கொதிக்கிற கொப்பரைக்கு இன்னும் எவ்வளவு உப்பு வேண்டும் என்று சொல்கிற குரல்தான் வந்தது. முற்றத்துக்குக் கேட்காத குரல்.

"அவ எனக்கு ஒரு பொண்ணு தரணும்" என்றாள்.

மூன்றாவது தடவையும் கேட்டு முடித்து, ஆண்கள் குனிந்து பாடையைத் தூக்கினார்கள்.